கழட்டிக் காட்டுங்கோ

"…ஏத்திறதை எல்லாரும் வடிவாக் காட்டுவினம் தம்பி. நீங்களும் வடிவாத்தான் காட்டினீங்கள், நான் குறை சொல்லேல்லை. இப்ப கழட்டிக் காட்டுங்கோ."

அக்கா எழுந்து நின்று இதைச் சொன்னபோது வவுனியாவில் அந்த மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. திரைக்குப் பக்கத்தில் நின்ற கொழும்புத் தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. எதைக் கழட்டச் சொல்கிறார் என்று கையிலிருந்த மைக்கை ஒருமுறை பார்த்தார், கழுத்துப்பட்டியை ஒருமுறை தடவினார். எனக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வான் சாரதி அண்ணை கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் அக்காவின் வாயிலிருந்து வந்தால் பின்னால் ஏதாவது நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்று சொல்லத்தான் போகிறேன். ஆனால் அக்கா எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அதைக் கேட்டால், யாரோ திமிர் பிடித்த மனிசி என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் பொறுங்கள்.

கிளிநொச்சியில், கண்டி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில்தான் எங்கள் நிலையம். கால் இழந்தவர்களுக்குக் கால் செய்து கொடுப்போம். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு ஆள் குறைவதில்லை, ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. அக்கா அதற்கு நிர்வாகி. அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் சாரதி அண்ணையிலிருந்து, அவரைவிட மூத்த குசினிக்கார அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவர் அக்காதான். ஒல்லியான ஆள். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். ஸ்கூட்டியை எங்கே நிறுத்தினாலும் வீதியைப் பார்த்தபடிதான் நிறுத்துவார். கைப்பையைக் கதிரையில் மாட்டமாட்டார், மடியில் வைத்திருப்பார். கோயிலுக்குப் போனாலும் செருப்பை வாசலுக்கு முதுகு காட்டி விடுவாராம். இது அவர் கணவர் சொன்னது. "இவா என்னைக் கட்டேக்கையும் கதவடியிலதான் நிண்டவா" என்று ஒரு தேநீர் விருந்தில் அந்த மனிசன் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அக்காவின் தோள் குலுங்கியது. "நிண்டும் முப்பது வருசமாப் போகேல்லையே. போகத் தெரிஞ்சவள் நிண்டால்தான் அது நிக்கிறது" என்றார்.

அதுதான் அக்கா. ஒரு இடத்துக்குள் போக முன்னர் வெளியே வருகிற வழியைப் பார்ப்பார்.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததும் அப்படித்தான். கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தேன். படித்து வந்த தொழில் இல்லை, உடைத்துப் பழகிய தொழில். அக்கா ஒருநாள் ஒரு போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "திறக்கத் தெரியும் எண்டு போர்ட்டில எழுதியிருக்கு. திருப்பி மூடத் தெரியுமோ?" என்று கேட்டார். மூடிக் காட்டினேன். பிறகு நிலையத்தின் கணினிகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நேர்முகத்தில் மற்றவர்கள் என்ன தெரியும், எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். அக்கா கேட்டது ஒன்றுதான்.

"நீர் நாளைக்குப் பஸ் ஏறி வெளிநாடு போறீர் எண்டு வைப்பம். நாளையண்டைக்கு எங்களுக்கு என்ன நிக்கும்?"

ஒரு வேலையும் நிற்காதபடி வைத்துவிட்டுப் போவேன் என்றேன். எப்படி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். வேலை கிடைத்தது. "தெரியாது எண்டு சொல்லுறவன் கதவைப் பூட்டிப்போட்டுத் திறப்போட போகமாட்டான்" என்றாராம் பிறகு.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் கண்டதில்லை. புதுக் கால் பொருத்த வருகிறவரை நடக்கவிட முன்னர் வாங்குப் பலகையில் இருத்தி, அந்தக் காலைத் தன் கையாலேயே கழட்டச் சொல்வோம். போட்டுக் கழட்டி, போட்டுக் கழட்டி, கை பழகிய பிறகுதான் நடை. அக்கா கொண்டுவந்த வழக்கம் அது. அவருக்குக் கால் செய்யத் தெரியாது, ஒரு திருகாணி முறுக்கவும் தெரியாது. ஆனால் நிலையம் தொடங்கிய காலத்தில் ஒரு மனிதர் கழட்டத் தெரியாமல், கேட்கவும் வெட்கப்பட்டு, படுக்கும்போதும் காலோடேயே படுத்து, புண் வைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு வந்த சட்டம்.

சனத்துக்கு இது பிடிக்காது. நடக்கிற ஆசையில் வருகிறவர்கள். புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஐயா வாங்கில் இருந்தபடி சத்தம் போட்டார். "கால் தாறம் எண்டு கூப்பிட்டுப்போட்டு கால் கழட்டச் சொல்லுறியே பிள்ளை? முந்தியும் இப்பிடித்தான் ஒண்டு கழண்டது." அறை முழுக்கச் சிரித்தது. அக்காவும் தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, அவருக்கு முன்னால் நிலத்தில் குந்திக்கொண்டார்.

"ஐயா, உங்களால கழட்ட ஏலாத கால் உங்கட கால் இல்லை. நீங்கள்தான் அதின்ர ஆள். அதுக்கு ஆளாகப் போறியளோ?"

ஐயா கழட்டினார். திட்டிக்கொண்டுதான் கழட்டினார்.

இனிக் கடிதமும் கலண்டரும் எங்களுக்குத் தலையிடியாக வந்த கதைக்கு வருகிறேன். நான் சேர்ந்த புதிதில் ஆளுக்கு ஒரு சொந்த ஈமெயில். ஒருவருக்கு வந்த கடிதம் அவர் லீவில் நின்றால் அவரோடு லீவில் நிற்கும். வெளியூர்க் கிளினிக் நாட்களை எல்லாம் முன்மண்டபத்து வெள்ளைப் பலகையில் எழுதுவோம். அந்த வருடம் வாணி விழாவுக்குப் பிள்ளைகள் நிலையத்தைக் கழுவித் துடைத்தார்கள். பலகையையும் பக்தியோடு துடைத்து, வீணையும் அன்னமும் கீறி, கீழே 'வருக வருக' என்று எழுதிவிட்டார்கள். அடுத்த கிழமை எங்கள் வான் ஒட்டுசுட்டானில் போய் நின்றது. சனம் வற்றாப்பளையில், கோயிலுக்குப் பக்கத்து மரத்தடியில் காத்திருந்தது. திரும்பி வந்த அக்கா பலகைக்கு முன்னால் நின்று கலைமகளின் வீணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வரச் சொல்லி எழுதியிருக்கிறியள். எங்க எண்டு எழுதேல்லையே" என்றார்.

அதோடு முடிவாகியது. நிலையத்தின் பெயரில் எல்லோருக்கும் ஒரே இடத்தில் கடிதம், எல்லோரும் பார்க்கிற ஒரு கலண்டர். அதற்கு எந்தச் சேர்வர், எந்த மென்பொருள் என்று தேடிப் பிடிப்பது என் வேலை.

எனக்குக் கொண்டாட்டம். பெரிய கம்பனி ஒன்றின் சேவையைப் பரீட்சைக்கு எடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம் கொடுத்து, முல்லைத்தீவுக்கு நீலம், துணுக்காய்க்குப் பச்சை என்று அலங்கரித்து அக்காவுக்குக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"கலியாண வீட்டுச் சோடனை மாதிரி இருக்கு. வடிவு. பந்தல் பிரிக்கேக்க ஆர் நிப்பினம் எண்டு சொல்லும்."

எனக்கு விளங்கவில்லை. அக்கா விளக்கினார். இதற்குள்ளே போட்ட எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேறொன்றுக்குள் வைத்து, ஒன்றும் குறையாமல் நடக்கிறதா என்று காட்டவேண்டும். காலுக்குச் செய்வதுபோல. அதற்குப் பிறகுதான் நடை.

எடுத்துக் காட்டினேன். கடிதங்கள் வந்தன. கலண்டரும் வந்தது, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டிய பிள்ளைகளின் பெயர்கள் ஒரேயொரு தடவையோடு நின்றுவிட்டன. வளர்கிற பிள்ளைக்குச் செய்து போட்ட கால் வளராது, அதனால்தான் அந்தத் திரும்பத் திரும்ப வருகிற திகதி. அது போனால் பிள்ளை போச்சு. அடுத்த மென்பொருளில் திரும்ப வருவது ஒழுங்காக வந்தது. நேரம்தான் பிசகியது. எங்கள் நாட்டு நேரத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு, காலை எட்டு மணிக் கிளினிக்கை விடியப்புறம் இரண்டரைக்குக் கொண்டுபோய் வைத்தது.

"ரண்டரைக்குக் கால் போட ஆர் வருவினம்?" என்றார் அக்கா. "பேய்க்குக் காலே இல்லை எண்டுதானே சொல்லுறவை. ஒருவேளை அதுகள் வரும்."

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் யசோதான் எனக்குச் சொன்னாள். யசோ எங்கள் வரவேற்பு மேசையில் இருப்பவள், கலண்டர் அவள் பொறுப்பு. முழங்காலுக்குக் கீழே அவளுக்கும் எங்கள் நிலையத்துக் கால்தான். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அக்கா வேறொரு தொண்டு அமைப்பில் வேலை. யசோவின் துண்டித்த காலில் எலும்பு மீண்டும் வளர்ந்து தோலைக் குத்தத் தொடங்கியிருந்தது. கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க ஒத்துக்கொண்டு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அக்காவின் அலுவலக ஈமெயிலில் நடந்தது. திட்டம் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. வெளிநாட்டவர்கள் கைகொடுத்து, படம் எடுத்து, போனார்கள். திங்கட்கிழமை அக்கா அந்த ஈமெயிலைத் திறந்தால் அப்படி ஒரு ஆளே இல்லை என்றது. நிபுணரின் கடைசிக் கடிதமும், திகதியும் உள்ளே. கேட்டுக் கேட்டு ஆளைப் பிடிப்பதற்குள் திகதி போய்விட்டது. அடுத்த திகதி மழைக்காலம் முடிந்துதான் கிடைத்தது. அதுவரைக்கும் யசோ வீட்டில், தடியோடு.

யசோவின் தாயிடம் அக்கா போய்ச் சொன்னதை யசோ அப்படியே சொன்னாள். "பெட்டியைப் பூட்டினவை பிழை விடேல்லை அம்மா. அவையின்ர பெட்டி, அவை பூட்டிச்சினம். அவையின்ர அலுமாரிக்குள்ள எங்கட பிள்ளையைக் கொண்டுபோய் வச்சது நான்."

இதைக் கேட்ட பிறகு நான் நிறங்களைப் பற்றிக் கதைக்கவில்லை.

பிறகு எல்லோரும் எடுத்து மாற்றக்கூடிய, மூலம் திறந்த ஒரு மென்பொருளைப் பிடித்தேன். போட்டதெல்லாம் போட்டபடி வெளியே வந்தது. எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கணினியில் அதை ஏற்றி, பட்டறைக்குப் பக்கத்து அறையில் வைத்தேன். அக்காவுக்கு நல்ல சந்தோசம், எங்கள் சாமான் எங்கள் கூரைக்குக் கீழே. அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. பட்டறையில் பிளாஸ்டிக் தகடு உருக்குகிற பெரிய அடுப்பைப் போட்டால் கறண்ட் இறங்கும், சேர்வர் படுத்துவிடும். ஒரு கால் உருகும் நேரமெல்லாம் எங்களுக்குக் கடிதம் இல்லை. அதுவும் போதாமல், காலுக்கு அச்சு எடுக்கிற வெள்ளை மாத்தூள் காற்றோடு வந்து சேர்வரின் காற்றாடிக்குள் அடைத்து, ஒருநாள் மூடியைத் திறந்தால் உள்ளே இடியப்பத்துக்கு மா குழைத்து வைத்ததுபோல இருந்தது. இதற்கிடையில் நாங்கள் அனுப்புகிற கடிதங்களை வெளியில் பாதிப் பேர் குப்பைக்குள் தள்ளினார்கள். தெரியாத வீட்டிலிருந்து வருகிற கடிதத்தை யார் நம்புவது?

அடுப்பை நிறுத்தி வேலை செய்யலாமா என்று பட்டறைக்காரரைக் கேட்டேன். அவர் அக்காவிடம் போனார். "காலோ கடிதமோ, எது முக்கியம் எண்டு சொல்லுங்கோ." அக்கா யோசிக்கவேயில்லை. "கால்" என்றார். சேர்வரை அன்றைக்கே மூட்டை கட்டினேன்.

அக்காவின் குணத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். வீட்டுக்குள்ளேதான் இருக்கவேண்டும் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. வெளியில் ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்து, அதே மென்பொருளை அங்கே ஏற்றினோம். எங்கள் நிலையத்துக்கென்று இணையத்தில் ஒரு பெயர் வாங்கி, அதை எவர் பெயரிலும் இல்லாமல் நிலையத்தின் பெயரிலேயே பதிந்தோம். ஒவ்வொரு நாளும் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி இங்கே வந்து சேரும். "வீடு வாடகைக்கு இருக்கலாம்" என்றார் அக்கா. "விலாசம் எங்கட பேரில இருக்கவேணும். வீட்டுக்காரன் எழும்பச் சொன்னா, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவம். கடிதக்காரன் எங்களைத் தேடி வருவான்."

மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்களுக்குக் கழட்டுகிற நாள். எல்லாவற்றையும் பிரதியிலிருந்து ஒரு வெறும் கணினியில் திரும்பக் கட்டவேண்டும். யார் கட்டுவது என்று சீட்டுக் குலுக்குவோம். சாரதி அண்ணை கட்டியிருக்கிறார், ஒரு தடவை பிழையாகக் கட்டி எல்லோருடைய கடிதத்தையும் தன் பெட்டிக்குள் வரவைத்து, "இப்ப நான்தான் டைரக்டர்" என்று மத்தியானம் வரைக்கும் திரிந்தார். அக்கா இதற்கு ஒரு அளவு வைத்திருந்தார். கலண்டர் திரும்பி வருவதற்கு ஒரு பிளேன்ரீ ஆறுகிற நேரம். கடிதங்களுக்கு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பார்க்கலாம். தேநீர் ஆறியும் கலண்டர் வராவிட்டால், கட்டினவர் அந்த ஆறின தேநீரைக் குடிக்கவேண்டும். நான் இரண்டு கோப்பை குடித்திருக்கிறேன்.

இப்படி நாங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கொழும்புத் தலைமைப் பணியகத்தின் அறிவித்தல் வந்தது. எங்களைப் போன்ற நிலையங்களுக்கு முழங்கால் மூட்டும் பாதமும் அவர்களூடாகத்தான் வரும். எல்லா மாவட்ட நிலையங்களும் தங்கள் கடிதத்தையும் கலண்டரையும் தலைமைப் பணியகத்தின் ஒரே முறைமைக்கு மாற்றவேண்டும், பழையதை மூடவேண்டும், வவுனியாவில் கூட்டம், அன்றே சம்மதம் சொல்லவேண்டும்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மண்டபத்துக்குப் போவோம். நாங்கள் மாறவில்லை. இன்றைக்கும் எங்கள் கடிதம் எங்கள் பெயரில்தான் வருகிறது. ஆனால் அது இலவசமாகக் கிடைத்ததல்ல. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எங்களுக்கு மூட்டுகள் பிந்தின. யாரும் தண்டித்ததாகச் சொல்லமுடியாது, 'முறைமையில் உங்கள் நிலையத்தைக் காணவில்லை' என்று பதில் வரும், அவ்வளவுதான். தருமபுரத்தில் ஒரு இளம் விவசாயி, மூட்டு தேய்ந்துபோன காலோடு காலபோக விதைப்புக்குக் காத்திருந்தவர், விதைப்பை ஆள் வைத்துத்தான் செய்தார். அக்கா அவரிடம் தானே போனார். நானும் போனேன். அந்தப் பொடியன் வாயில் வந்ததெல்லாம் சொன்னான். உங்களுக்கு ஈமெயில், எனக்கு வயல் என்றான். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"ஓம் தம்பி. என்ர பிடிவாதத்துக்கு நீர் நொண்டிறீர். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பிடிக்கிறன்."

வேறொரு சமாதானமும் சொல்லவில்லை. அவர் செய்தது சரியா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. பிறகு மற்ற நிலையங்களும் ஒவ்வொன்றாக அதே கேள்வியைக் கொழும்பிடம் கேட்கத் தொடங்கின, மூட்டுகளும் வரத் தொடங்கின, அந்தப் பொடியனுக்கு அடுத்த போகத்துக்குப் புது மூட்டு. ஆனாலும் அந்த ஒரு விதைப்பு போனது போனதுதான்.

அக்கா இப்போது எங்களோடு இல்லை. உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறார், மகளோடு திருகோணமலையில். போன அன்றைக்குத் தன் தேநீர்க் கோப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டியில் ஏறி, அது வழக்கம்போல வீதியைப் பார்த்தபடி நின்றதால் திருப்பவும் தேவையில்லாமல், போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை நிலையத்தில் ஒன்றும் நிற்கவில்லை. ஒரு கடவுச்சொல் கேட்டு அவரைக் கூப்பிடவேண்டியிருக்கவில்லை, ஒரு திறப்பு எங்கே என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. கான் வெட்டிய வயலில் தண்ணீர் போவதுபோல வேலை போய்க்கொண்டிருந்தது. அதுதான் எனக்கு அவர்மேல் கோபம். ஒரு சின்னக் கேள்வியையாவது மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கூப்பிட ஒரு சாட்டு வேண்டாமா?

சரி, மண்டபம்.

கொழும்புத் தம்பி நல்ல பிள்ளை. அட்டன் பக்கம் ஊர், தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்து படித்து வந்தவர். அக்காவின் கேள்வி விளங்கியதும் மழுப்பவில்லை.

"அக்கா, உங்க கேள்வி நியாயம். ஆனா வெளியே எடுக்கிற வசதி இந்தத் திட்டத்துல நிலையங்களுக்கு இல்லைங்க. தலைமைப் பணியகத்துக்கு மட்டும்தான். அந்தத் தேவையே உங்களுக்கு வராது. நாங்க எங்கயும் போகமாட்டோம்."

"நீங்கள் போகமாட்டியள் தம்பி, உங்களைப் பாத்தாலே தெரியுது" என்றார் அக்கா. "ஆனா எங்கட ரோட்டால போனவை எல்லாரும் போகமாட்டம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவை."

முன்வரிசையில் இருந்த தலைமைப் பணியகப் பணிப்பாளர் எழுந்தார். வயதானவர், மெதுவாகக் கதைப்பவர். சின்ன நிலையங்கள் தனித்தனியே சேர்வர் வைத்திருப்பது ஆபத்து, பார்க்கிற ஆள் நோயில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். அந்த ஆள் நான் என்பதால் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன். எல்லோரும் ஒரே குடைக்குக் கீழே வந்தால் மூட்டுகள் அனுப்புவதும் இலகு என்று முடித்தார். அந்தக் கடைசி வசனத்தை அவர் அழுத்திச் சொல்லவில்லை. அழுத்தத் தேவையும் இல்லை.

"குடை நல்லது ஐயா" என்றார் அக்கா. "ஆனா பிடி மற்றவரின்ர கையில இருக்கிற குடைக்குக் கீழ நிண்டால், அவர் நடக்கிற பக்கம்தான் நாங்களும் நடக்கவேணும். எங்கட சனம் நடக்கப் பழகினது பெரிய பாடு ஐயா. இனி ஆருக்கும் பின்னால நடக்க ஏலாது."

பணிப்பாளர் பதில் சொல்ல முன்னர் அக்கா நடந்து மேடைக்குப் போனார். "இவர் கழட்டிக் காட்டேல்லை. அப்ப எங்கடயைக் கழட்டிக் காட்டுறம். பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ." என்னையும் எங்களோடு வந்திருந்த யசோவையும் கையால் கூப்பிட்டார்.

எங்கள் மடிக்கணினியைத் திரையோடு பொருத்தினேன். திரையில் எங்கள் கலண்டர் பெரிதாக விரிந்தது. புதன்கிழமை காலை எட்டு மணி, வற்றாப்பளை. கீழே வரிசையாகப் பெயர்கள். நான் குனிந்து, பரீட்சைக்கு என்று ஒரு போலிக் கலண்டர் இருக்கிறது அக்கா, அதில் காட்டுவோம் என்றேன். சனிக்கிழமைகளில் நாங்கள் தொடுவது பிரதியைத்தான். ஓடுகிற கலண்டரில் இதுவரைக்கும் எவரும் கை வைத்ததில்லை.

"போலிக் காலில நடந்து காட்டினா ஆர் நம்புவினம்?" என்றார். பிறகு யசோவைப் பார்த்தார். "பிள்ளை, காலமைப் பிரதி வந்ததோ?"

"வந்தது அக்கா. திறந்தும் பாத்தனான்." யசோவின் கையில், பிரதியைச் சேமித்த சின்ன வன்தட்டு இருந்தது.

அக்கா மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். "புதன்கிழமை எங்களுக்குக் கிளினிக். உந்தப் பெயர் எல்லாம் உயிருள்ள சனம். இது பிழைச்சா வீடு வீடாப் போய்ச் சொல்லவேண்டியது நான். அதையும் யோசிச்சுத்தான் செய்யிறன்." கதிரையில் இருந்து, முழுவதையும் தெரிந்தெடுத்து, அழி என்ற இடத்துக்கு அம்பைக் கொண்டுபோனார். 'இதை மீளப் பெறமுடியாது. உறுதியா?' என்று கணினி கேட்டது. அந்த வரியைக் கடைசி வரிசைக்கும் கேட்கிறமாதிரி வாசித்தார்.

"அக்கா, வேணாங்க" என்றார் கொழும்புத் தம்பி. பதறிவிட்டார் பாவம். "நான் நம்புறேன்."

"நம்பவேண்டாம் தம்பி. பாருங்கோ."

அழுத்தினார். திரை வெள்ளையானது. புதன்கிழமை இல்லை, வற்றாப்பளை இல்லை, ஒரு பெயரும் இல்லை. அக்கா எழுந்து கதிரையை யசோவுக்கு விட்டுவிட்டு, கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எவரையும் பார்க்காமல் மண்டபத்தின் பின்பக்கம் போனார். அங்கே தேநீர் மேசை இருந்தது. ஒரு பிளேன்ரீ ஊற்றி, சீனி போட்டுக் கலக்கி, ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து கொழும்புத் தம்பியின் கையில் கொடுத்தார். "இது ஆற முந்திப் புதன்கிழமை திரும்பி வரும்" என்றார்.